வந்த நாள் சமையல்

சேக்காடு, ஆவடி
9-6-2024

அன்பு சௌம்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே பிள்ளைகள் எல்லோரும் சுகம். எனக்கு மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் முழங்கால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி குறையில்லை. உனக்குச் சளி விட்டதா? போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா" என்று இரண்டே நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் யார் சிரித்தாலும் நான் கடிதத்தை விடுவதாக இல்லை.

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. இல்லத்துப் பிள்ளைகள் பதினொரு பேருக்கும் யூனிபார்ம் தைத்து முடித்தேன். முப்பது வருஷம் பாக்டரியில் சிப்பாய்களுக்குத் தைத்தேன், ஒருத்தனும் குறை சொன்னதில்லை. இவளுகளுக்குக் கை இறுக்கமாம், இடுப்பு தொளதொளவாம்.

விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை நம் வீட்டுக்குப் புதுப் பிள்ளை வருகிறாள். குழந்தைகள் நலக் குழுவிலிருந்து போன் வந்தது. பெயர் சிம்ரன், எட்டு வயது, குத்தம்பாக்கம். தாய் இல்லை. அப்பா லாரி ஓட்டுகிறவர். "இதோ வந்துடறேன்" என்று பக்கத்து வீட்டில் விட்டுப் போய் மூன்று மாதம் ஆகிறதாம்.

கெங்கம்மாள் இப்போதே அடுப்படியில் குதிக்கிறாள். புதுப் பிள்ளை வாய் திறந்து என்ன கேட்கிறதோ அதுதான் அன்றைக்கு வீடு முழுவதுக்கும் சமையல், பிறகு வருஷா வருஷம் அவள் வந்த நாளில் அதே சமையல் என்கிற நம் வழக்கத்தை நான் மறந்தாலும் அவள் மறக்கமாட்டாள். ஷோபனாவுக்குச் சேமியா பாயசம், உனக்குப் பூரிகிழங்கு. இவளுக்கு என்னவோ, பார்ப்போம்.

இன்னொன்று. ஜன்னலோரக் கட்டிலைத்தான் அவளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. உனக்குச் சொல்லாமல் கொடுக்க மனம் வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா ஞானம்மாள்


ஓசூர்
16-6-2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். சளி விட்டுவிட்டது. நீங்கள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா? கெங்கம்மாவையும் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

புதுப் பிள்ளை வருவது சந்தோஷம். கட்டிலைக் கொடுத்ததும் நல்லதுதான். அது என்ன, என் பெயருக்கு எழுதி வைத்த கட்டிலா? நான் போய் மூன்று வருஷம் ஆகிறது. என் தகரப் பெட்டி அதற்குக் கீழே இருந்தால் ஸ்டோர் ரூமில் போட்டுவிடுங்கள்.

கம்பெனியில் புது லைன் போட்டிருக்கிறார்கள். லீவு கிடைப்பது கஷ்டம்.

இப்படிக்கு,
சௌம்யா


சேக்காடு
30-6-2024

அன்பு சௌம்யாவுக்கு,

உன் கடிதம் வந்தது. ஒரு பக்கத்தில் பாதிதான் எழுதியிருந்தாய், பேனாவில் மை தீர்ந்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் நலம்.

சிம்ரன் வந்துவிட்டாள். ஒல்லிக்குச்சி, முகத்தில் பாதி கண்தான். நான் தைத்து வைத்த கவுனைக் கொடுத்ததும் வாங்கி, மடிப்புக் கலையாமல் தன் பையில் வைத்துக்கொண்டாள். இன்றுவரை போடவில்லை. பையையும் அவிழ்க்கவில்லை, தலைமாட்டில் கட்டியபடி இருக்கிறது. செருப்பைக்கூட வாசலில் விடாமல் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்கிறாள்.

"என்ன கண்ணு செய்யட்டும்?" என்று கெங்கம்மாள் கேட்டாள். "ஒண்ணும் வேணாம் ஆன்ட்டி." மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. பிள்ளைகள் வட்டமாக நின்று பிரியாணி சொல்லு, குலாப் ஜாமூன் சொல்லு என்று காதில் ஓதுகிறார்கள். அவள் அசையவில்லை. பதினெட்டு நாள் ஆகிறது. கொடுத்ததைச் சாப்பிடுகிறாள், சொன்னதைச் செய்கிறாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. விருந்தாளிதான் இப்படி இருப்பார்கள்.

நீயாவது மூன்றாம் நாளே பூரி கேட்டுவிட்டாய். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. உன் பெட்டி ஸ்டோர் ரூமுக்குப் போகவில்லை, என் பீரோ மேல் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா


சேக்காடு
28-7-2024

அன்பு சௌம்யாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறதா? நாலு வாரமாக ஒரு வரி இல்லை. போன் செய்தால் "ஷிப்ட்லே இருக்கேம்மா" என்கிறாய். கோபமா? கோபமென்றால் அதையாவது எழுதலாம், படிக்க ஏதாவது இருக்கும்.

சிம்ரன் இன்னும் கேட்கவில்லை. கெங்கம்மாள் பொறுமையிழந்து தானாகவே சோயா பிரியாணி, கொழுக்கட்டை, அடை என்று செய்து பார்த்தாள். எல்லாவற்றையும் தின்று "நல்லா இருக்கு ஆன்ட்டி" என்றாள் பிள்ளை. வாசலில் லாரி ஹாரன் கேட்டால் மட்டும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். அவள் இங்கே ஒட்டாமல் போய்விட்டால் அது என் தோல்வி, வேறு யாருடையதும் இல்லை.

ஆகஸ்ட் நாலாம் தேதி நீ வந்த நாள். நீ இல்லாவிட்டாலும் பூரி உண்டு.

அம்மா


சேக்காடு
11-8-2024

சௌமி கண்ணுக்கு,

நான் கெங்கம்மா. நான் சொல்றேன், ஷோபனா எழுதறா. (அக்கா, நான் ஷோபனா. சொல்றதை அப்படியே எழுதணுமாம். திருத்தினால் எனக்கு முறுகல் தோசை கிடையாதாம்.)

இன்னாம்மே, எப்டி கீறே? நாங்க நல்லா கீறோம். அம்மா ரெண்டு லெட்டர் போட்டுச்சி, நீ பதிலே போடல. தெனம் போஸ்ட்மேன் வர்ற நேரத்துல துணி காயப் போடறேன்னு வாசலாண்ட போயி நின்னுகினு கீது. காஞ்ச துணியவே எடுத்து மறுபடி காயப் போடுது, பாக்கவே ஒரு மாரியா கீது.

உன் பூரி நாளு நல்லா நடந்துச்சி. அம்மா மட்டும் ஒரு பூரிய பிச்சி வெச்சிகினு துன்னாமயே எயிந்து போயிடுச்சி.

இப்ப நான் சொல்லப் போறது அம்மாவுக்குத் தெரியாது. அந்தக் கட்டிலு கீதே, நீ போன நாள்லேர்ந்து அதுல ஒருத்தரயும் படுக்க வுடல. ஆபீசருங்க வந்து, "பன்னெண்டு கட்டிலு, பதினோரு பசங்க, இன்னாம்மா இது?"ன்னு கேட்டா, "அதுக்கு காலு ஒடஞ்சி கீது சார்"னு சொல்லிடும். காலும் ஒடயல, கையும் ஒடயல. வாரா வாரம் பெட்சீட்ட மாத்தி, தலகாணிய தட்டிப் போடும். யாருக்குன்னு நான் கேட்டதுமில்ல, அது சொன்னதுமில்ல. இந்தக் கொயந்தைக்கு எடம் வோணும்னு போன் வந்த அன்னிக்கித்தான் கட்டிலு காலு சரியாப் பூட்ச்சி.

மூணு வருசமா லீவு இல்ல லீவு இல்லன்றே. எந்தக் கம்பெனில மூணு வருசம் லீவு தராம கீறான்? உன் மனசுல இன்னாமோ கீது. எனக்குச் சொல்லாட்டி போ, அதுக்குச் சொல்லு.

(அக்கா, கெங்கம்மா அழுகிறாங்க. வெங்காயம்னு எழுதச் சொன்னாங்க.)

கெங்கம்மாள்


ஓசூர்
25-8-2024

என் அம்மாவுக்கு,

நான் நலம் என்று எழுதிவிட்டு மேலே போக முடியவில்லை. கெங்கம்மா கடிதத்தை ஹாஸ்டல் குளியலறையில் வைத்துப் படித்தேன். அறையில் ஆறு பேர், இங்கே அழுவதென்றால் அங்கேதான் இடம். என்ன எழுதினார்கள் என்று அவர்களை மிரட்டாதீர்கள், சொல்லமாட்டார்கள்.

மொட்டையாகப் பதில் போட்டதற்குக் காரணம் பொறாமைதான் அம்மா. எட்டு வயசுப் பிள்ளை மேல் இருபத்திரண்டு வயசுக் கழுதைக்குப் பொறாமை. வெட்கமாக இருக்கிறது.

சிம்ரன் ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டுவிட்டால் வந்துவிட்டோம் என்று ஆகிவிடும். கேட்காதவரை நாம் வழியில் நிற்கிறோம், அவ்வளவுதான். யாராவது வந்து "வா போகலாம்" என்றால் பையை எடுத்துக்கொண்டு போகலாம். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் பூரி கேட்கவே இல்லை அம்மா. மூன்றாம் நாள் பூங்காவனம் அக்காதான் உங்களிடம் ஓடிவந்து, "சௌம்யாவுக்குப் பூரி வேணுமாம்" என்றாள். அவளுக்குப் பூரி என்றால் உயிர். எனக்குப் பூரி எண்ணெய் நெஞ்சைக் கரிக்கும். எல்லோரும் கை தட்டினீர்கள், எப்படி இல்லை என்பது? பன்னிரண்டு வருஷம் நான் தின்றது பூங்காவனத்தின் பூரி.

சிம்ரனுக்கு ஒன்று செய்யுங்கள். அவளையே கூட்டிக்கொண்டு குத்தம்பாக்கம் போய், அந்தப் பக்கத்து வீட்டிலும் லாரி ஷெட்டிலும் நம் முகவரியை அவள் கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்பா வந்தால் நம்மைக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் அந்த வயசில் பெரிய பயம். நான் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கும் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன்.

உங்கள்
சௌம்யா


(அதே உறையில்)

சிம்ரன் பாப்பாவுக்கு,

நான் சௌம்யா அக்கா. உன் கட்டிலில் பன்னிரண்டு வருஷம் படுத்தவள். மழைக்காலத்தில் ஜன்னல் பக்கம் தலை வைக்காதே, சாரல் அடிக்கும். கட்டிலுக்குக் கீழே படுத்து மேலே பார், பலகையில் பென்சிலால் ஒரு பூனை வரைந்திருப்பேன். நீ நாய் வரைந்துகொள்.

எல்லோரும் உன்னை என்ன வேணும் என்ன வேணும் என்று பிடுங்குகிறார்களாமே? நீ அவசரப்படாதே. நான் இதுவரை கேட்டதே இல்லை. கேட்டால் வந்துவிட்டதாக ஆகிவிடுமோ என்று பயம். பூரி என்பது வேற அக்கா சொன்னது. இதை நீயும் நானும் அம்மாவும் மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

சௌம்யா அக்கா


சேக்காடு
15-9-2024

என் தங்கத்துக்கு,

நலமா? நாங்கள் நலம் என்று எழுதினால் பாதி உண்மை. உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷம் உனக்குப் பிடிக்காத பூரியைப் பாசமாக ஊட்டியிருக்கிறேன். என்ன தாய் நான்! பூங்காவனத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஆமாம்மா, அன்னிக்கு ஆசையா இருந்திச்சி" என்கிறாள், இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் வெட்கமில்லாமல்.

நீ சொன்னபடி போனோம். லாரி ஷெட்டில் தங்கவேல் என்று ஒரு பெரியவர், சிம்ரன் எழுதிய தாளைச் சாமி படத்துக்குக் கீழேயே ஒட்டிவைத்தார். "உங்கப்பா எப்ப வந்தாலும் மொதல்ல இதத்தான் காட்டுவேன், நீ தைரியமா போ" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மடியில் தூங்கிவிட்டாள். மறுநாள் நான் தைத்த கவுனைப் போட்டுக்கொண்டாள். பையில் மீதி அப்படியே இருக்கிறது.

அவள் உனக்கு எழுதியதை வைத்திருக்கிறேன். நான் படிக்கக்கூடாது என்று ஒட்டிவிட்டாள், படிக்கவில்லை.

அம்மா


(உள்ளே, நோட்டுத் தாளில்)

சௌம்யா அக்கா, நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா. பூனையைப் பாத்தேன். அதுக்கு மீசை இல்ல, நான் போட்டுட்டேன்.

நீங்க இன்னும் எதுவும் கேக்கலையாம். அப்ப நீங்களும் இன்னும் வரலையா?

சிம்ரன், மூணாங் கிளாஸ்


ஓசூர்
20-10-2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் சுகம். பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. சிம்ரன் ஒரு கேள்வி கேட்டாள், அதுதான் காரணம். என்ன கேள்வி என்று அவளே சொல்லட்டும்.

லீவு இருக்கிறது அம்மா. எப்போதும் இருந்தது. பண்டிகைக்கு ஹாஸ்டல் காலியாகும், நானும் இரண்டு ஒடிசா பெண்களும் மட்டும் இருப்போம்.

நான் வேலைக்குப் போன வருஷம் தீபாவளிக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ஆசையாக வந்தேன். ஓடிவந்து அடுப்படிக்குள் நுழையப் போனவளை, நீங்கள் ஆபீஸ் ரூமில் நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். நன்கொடை கொடுக்க வருகிறவர்களுக்கு எடுப்பீர்களே, பூப்போட்ட கப், அதில் காபி கொடுத்தீர்கள், சாசரோடு. நான் தட்டு கழுவ எழுந்தபோது பிள்ளைகளிடம், "அக்காவை வேலை செய்ய விடாதீங்க, அக்கா விருந்தாளி" என்றீர்கள். அந்தக் காபியைப் பாதியோடு வைத்துவிட்டேன். அன்றைக்கே முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

சின்ன விஷயம்தான். எழுதிப் பார்த்தால் இன்னும் சின்னதாகத் தெரிகிறது. ஆனால் மூன்று வருஷம் அதைத்தான் சுமந்துகொண்டிருந்தேன்.

சௌம்யா


சேக்காடு
3-11-2024

அடி என் பைத்தியக்காரப் பெண்ணே,

நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. அந்தக் கப்பை நான் ஏன் எடுத்தேன் தெரியுமா? இந்த வீட்டிலிருந்து போய் முதன்முதலாகச் சொந்தச் சம்பளத்தில் எனக்குச் சேலை வாங்கிக்கொண்டு வந்தவள் நீ. உன்னை எப்படிக் கௌரவிப்பது என்று தெரியாமல் நின்றேன். வீட்டிலேயே உசத்தியாக இருந்தது அந்தக் கப் ஒன்றுதான். கெங்கம்மாள் அன்றைக்கே "அதுக்கு அதோட டம்ளர்லயே குடும்மா" என்றாள். நான்தான் கேட்கவில்லை. தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு.

தீபாவளி முடிந்த கையோடு அடுப்படிச் சுவரில் புது வேலைப் பட்டியல் ஒட்டியிருக்கிறேன். சனிக்கிழமை: வெங்காயம் உரித்தல், பெரிய குண்டான் தேய்த்தல், சௌம்யா. உன் பெயர் இருக்கிறது, ஆள்தான் இல்லை. நவம்பர் முழுக்க உனக்கு ஆப்சென்ட் போடச் சொல்லிவிட்டேன். ஷோபனா சிவப்புப் பேனாவோடு காத்திருக்கிறாள்.

அம்மா


ஓசூர்
22-12-2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் ரொம்ப நலம். நீங்களும் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும்.

பொங்கலுக்கு எட்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜனவரி பன்னிரண்டு, ஞாயிறு காலை வருகிறேன். பூந்தமல்லியில் இறங்கி, மெட்ரோ வேலைக்கு எங்கே சுற்றிவிட்டாலும் எப்படியும் பத்து மணிக்குள் வந்துவிடுவேன். யாரும் கூட்டிப்போக வர வேண்டாம். வழி தெரியும்.

கெங்கம்மாவிடம் சொல்லுங்கள். எனக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வேண்டும், கத்தரிக்காய் போட்டு. எங்கள் வீட்டில் என்னைப் பெற்ற அம்மா அதைத்தான் செய்வாள். ஏழு வயசில் அதைக் கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. அதே மாதிரி வராவிட்டால் என்ன செய்வது என்று விழுங்கிவிட்டேன். இப்போது அதே மாதிரி வர வேண்டாம். கெங்கம்மா செய்கிற மாதிரி இருக்கட்டும். கருவாட்டு வாசனை ஆகாது என்று நீங்கள் மூக்கைப் பொத்துவீர்கள். பொத்திக்கொள்ளுங்கள், ஆனால் பக்கத்திலேயே உட்காருங்கள்.

சிம்ரனிடம், அக்கா கேட்டுவிட்டாள் என்று சொல்லுங்கள்.

உங்கள் பெண்
சௌம்யா


சேக்காடு
26-1-2025

சௌம்யா அக்காவுக்கு,

சிம்ரன் எழுதுவது. நான் நல்லா இருக்கேன். நீங்க ஓசூர் போய்ச் சேந்தீங்களா. அம்மா நல்லா இருக்காங்க. நீங்க பஸ் ஏறினதும் உங்க டம்ளரைக் கழுவிக் கவுத்து வெச்சாங்க. வேற யாரையும் எடுக்க விடல.

கருவாட்டு வாசனை இன்னும் ஸ்டோர் ரூம்ல இருக்குன்னு அம்மா சொல்றாங்க. ஆனா அன்னிக்கு அவங்கதான் ரெண்டாவது தடவ குழம்பு ஊத்திக்கிட்டாங்க, நான் பாத்தேன்.

நீங்க போன மறுநாள் நானும் கேட்டுட்டேன். இட்லியும் வடகறியும். எங்கப்பா லாரி நிறுத்திட்டு வரும்போது வாங்கிட்டு வருவாரு. கெங்கம்மா ஆன்ட்டி, "இன்னா சொன்னே, இன்னா சொன்னே"ன்னு மூணு வாட்டி கேட்டுட்டு என்னைத் தூக்கிச் சுத்தினாங்க. அம்மா தையல் மெஷின்ல போய் உக்காந்துட்டாங்க, ஆனா தைக்கல. எங்கப்பா வாங்கிட்டு வர்ற மாதிரி இல்ல, காரம் கம்மி. ஆனா நல்லா இருந்திச்சி. நாலு இட்லி தின்னேன்.

பையை அவுத்துட்டேன். துணியெல்லாம் அலமாரில இருக்கு. செருப்பு வாசல்ல இருக்கு. தங்கவேல் தாத்தாவுக்குப் போன் பண்ணிக் கேட்டோம், என் பேப்பர் இன்னும் அங்கதான் ஒட்டியிருக்காம்.

நான் வந்த நாள் ஜூன் பன்னெண்டாம் தேதி. அன்னிக்கு வருசா வருசம் வடகறி செய்வாங்களாம். நீங்க அதுக்கு லீவு போடுங்க. கட்டில்ல நீங்க செவுத்துப் பக்கம், நான் ஜன்னல் பக்கம். எப்ப வந்தாலும் சரி, நான் இங்கதான் இருப்பேன்.

சிம்ரன்